கிசுகிசுக் கிண்ணம்

— அம்மா, திரும்பாத. சத்தியமா திரும்பாத. கிண்ணத்துக்குள்ளயே பாத்துப் பேசு.

— என்னடி விளையாட்டு இது? பள்ளிக்கூடம் விட்டா நேரா எங்க சாப்பாட்டு ரூமுக்குப் போய் உக்காருன்னு சொல்லியிருக்கேன்ல? இந்த ஆளுயரக் கிண்ணம் ரெண்டும் வர்றவங்க விளையாடுறதுக்கு. நான் இங்க விளக்கம் சொல்ற வேலையில இருக்கேன், பாப்பா.

— அப்பா வந்திருக்காரு.

— என்ன சொல்ற?

— சத்தியமா. அம்மா, கேக்குதா?

— கேக்குது. ஹாலோட அந்தக் கோடியில நீ மூச்சு விடுறதுகூட இந்தக் கிண்ணத்துல கேக்குது. எங்க நிக்கிறாரு?

— மின்னல் உருண்டைகிட்ட. ஒவ்வொரு பொம்பள முகத்தையும் உத்து உத்துப் பாக்குறாரு.

— உன்னைப் பாத்துட்டாரா?

— இல்ல. சடையைச் சட்டைக்குள்ள விட்டுட்டேன். முகத்தைக் கிண்ணத்துக்குள்ள வச்சுக்கிட்டு ஓரக்கண்ணால பாக்குறேன்.

— கெட்டிக்காரி. எனக்கும் தலையில தொப்பி, மேல நீலக் கோட்டு. முதுகைப் பாத்துக் கண்டுபிடிக்க முடியாது.

— அதான் திரும்பாதங்கிறேன். நம்ம எடம் அவருக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?

— பேப்பர்ல இந்த அறிவியல் காட்சியகத்தப் படம் பிடிச்சுப் போட்டாங்கல்ல, அதுல ஓரமா நானும் நின்னேன். அது வந்ததுலேருந்து தினமும் வாசலப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்.

— ஏம்மா, கொஞ்சம் நகருறீங்களா? எல்லாத்தையும் தொட்டுப் பாருங்கன்னு வாசல்ல எழுதிப் போட்டுட்டு, நீங்களே கட்டிப் புடிச்சுக்கிட்டு நின்னா எப்படி? எம் பசங்க எவ்வளவு நேரமா வரிசையில நிக்கிறாங்க!

— மன்னிச்சுக்குங்க சார், சரியா கேக்குதான்னு பாத்துக்கிட்டிருக்கேன். இவங்க எல்லாரும் உங்க வகுப்பா?

— வகுப்பா? குரங்குக் கூட்டம்மா. டேய், ஒழுங்கா நில்லுங்கடா!

— சார், எதிர்க் கோடியில ஒரு கிண்ணம் இருக்குல்ல, அங்கேருந்துதான் ஆரம்பிக்கணும். எல்லாரையும் ஒண்ணா கூட்டிட்டுப் போங்க. சத்தம் போட்டாலும் பரவால்ல.

— இத முதல்லயே சொல்றதுக்கென்ன? வாங்கடா எதிர்ப்பக்கம்! ஒழுங்கா!

— பாப்பா, கேளு. உன் பக்கமா ஒரு கூட்டம் வருது. அவங்களோட கலந்து கண்ணாடி ரூமுக்குள்ள போயிடு. அதுக்குப் பின்னால நாங்க வந்து போற கதவு. வாட்ச்மேன் மாமா இருப்பாரு. எப்பவாவது இப்படி ஆனா உன்னை எங்க கொண்டுபோய் விடணும்னு அவருகிட்ட சொல்லி வச்சிருக்கேன்.

— நீ?

— பின்னாலயே வர்றேன்.

— அன்னிக்கும் இப்படித்தான் சொன்ன. உன் கைய ஒடிச்சு அனுப்பினாரு.

— இன்னிக்கு முழுசா வருவேன், போதுமா?

— அம்மா, இந்தப் பக்கம் நடந்து வர்றாரு. சத்தியமா முடியல.

— முடியும். தலையைக் குனிஞ்சுக்கிட்டே நட. பசங்க வந்துட்டாங்களா?

— வந்துட்டாங்க.

— போ!

— போறேன்ம்மா.

— பாப்பா? போயிட்டியா? ஒரே இரைச்சலா இருக்கு. நடுவுல மாட்டிக்கிட்டியா? அவரு பக்கத்துல நின்னா வாயைத் திறக்காத. நீ இன்னும் அங்கதான்னா கிண்ணத்துல ஒரு தட்டு தட்டு.

— டக்.

— ஐயோ, என் ராசாத்தி! அசையாத. அம்மா சொல்றத மட்டும் கேளு. சந்து கெடைச்சதும் மாமாகிட்ட ஓடிடு. அவரு உன்னை டிக்கெட் குடுக்குற அக்கா வீட்டுல விடுவாரு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, தையக்கடை மாடி. அங்க யாரும் இருக்க மாட்டாங்க. சாவி தண்ணித் தொட்டி மூடிக்கு அடியில இருக்கு. உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்க. நான் வர்ற வரைக்கும் யாருக்கும் தெறக்காத. புரிஞ்சுதா?

— டக்.

— பயமா இருக்கா தங்கம்? எனக்கும் உசுரு கையில இல்ல. அழாதடா.

— நான் எதுக்கு அழணும், மகாராணி? பாப்பா அந்தப் பசங்களோட அப்பவே போயிட்டா. தையக்கடை மாடிதானே, நான் பாத்துக்கிறேன்.