முப்பத்தெட்டு பிளக்-இன்களும் ஒரு நிமிடச் சைரனும்

விழாத் தலைவரும் எங்கள் ஷூ தொழிற்சாலையின் மேலாளருமான மாண்புமிகு சம்பத் அவர்களே, வெட்டும் பிரிவின் வித்தகப் பெரியோர்களே, தையல் இயந்திரத்தைத் தாளமிட வைக்கும் தாய்மார்களே, கணினிப் பிரிவிலிருந்து ஜோவின் என்கிற நான் வணங்குகிறேன். மேடையில் இன்னும் பதினோரு பேர் இருக்கிறீர்கள். உங்கள் பெயர் பேச்சில் வரும்போது வணங்கிக்கொள்கிறேன். இப்போதே எல்லாரையும் வணங்கினால் பேச்சு தொடங்குமுன் ஷிப்ட் முடிந்துவிடும். முறைக்காதீர்கள், இதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

எடிட்டர் என்பது ஷூ பெட்டிகளின் லேபிள் விவரத்தை, தையலிலிருந்து கணினிக்கு வந்த நம் ஃபீபி தட்டித் திருத்தும் மென்பொருள். அதில் ஒட்டவைக்கும் கூடுதல் வித்தைகளே பிளக்-இன்கள். சைஸ் மாற்ற ஒன்று, எழுத்துக்கு நிறம் பூச ஒன்று, ஸ்டோர்ஸ் நயீம் அகமது அவர்களுக்கு (வணக்கம் ஐயா, உங்கள் முறை வந்துவிட்டது) நோன்பு திறக்கும் நேரம் சொல்ல ஒன்று. ஆக முப்பத்தெட்டு.

முப்பத்தெட்டும் எடிட்டர் திறக்கும்போதே வந்தாக வேண்டும் என்று ஆணையிட்டவர் யார்? நம் தலைவர். "எட்டு மணி சைரனுக்கு முந்நூறு பேர் கார்டு பஞ்ச் பண்றாங்க. இதுங்களுக்கு மட்டும் இன்னா தனிச் சலுகை?" என்றார். நானும் மடையன், ஒவ்வொன்றையும் திரையில் "உள்ளேன் ஐயா" சொல்ல வைத்தேன். விளைவு? எடிட்டர் திறக்க நாலு நிமிடம்.

அதற்கும் தலைவர் என்ன சொன்னார்? "பொண்ணு சும்மா உக்காந்துனு இருக்குது. திங்கக்கிழம அந்த ஒரு நிமிஷ சைரன் முடியறதுக்குள்ள அது தொறக்கலன்னா, ஃபீபி தையலுக்கே போகட்டும்." தையல் இளப்பமா என்று கேட்கிறீர்களா அம்மா? இல்லவே இல்லை. ஆனால் வேலை முடிந்த களைப்போடு இரண்டு வருடம் டைப்பிங் படித்து அவள் பிடித்த நாற்காலி அது.

கேட்கிறேன்: தோலை வெட்டும் மேசைக்கு லேஸைக் கொண்டுபோவோமா? குதிகால் ஒட்டுமுன் அட்டைப்பெட்டியைத் தூக்கி வருவோமா? செருப்புக்குத் தெரிந்த நியாயம் மென்பொருளுக்கு ஆகாதா?

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். பிளக்-இன்களின் பெயர்ப்பட்டியலை மட்டும் எடிட்டரின் வாசலில் மாட்டினேன். யாரைக் கூப்பிடுகிறோமோ அவர் மட்டும், அப்போது மட்டும் உள்ளே வருவார்.

திங்கள். சைரன் ஊதியது. ஃபீபி தட்டினாள். ஆறே நொடி, எடிட்டர் திறந்து நின்றது.

தலைவர் குனிந்து பார்த்தார். "இன்னாப்பா, ஒருத்தனும் வரல? எல்லாருக்கும் ஆப்சென்ட் போட்டுடட்டா?"

"கூப்டுங்க சார், வரும்" என்றாள் ஃபீபி.

கூப்பிட்டார். ஒன்றல்ல, முப்பத்தெட்டையும், பெயர் பெயராக. நோன்பு பிளக்-இன் வந்து, "இன்னும் பத்து மணி நேரம்" என்றது. "ஏன் சார் ஞாபகப்படுத்துறீங்க, மறந்திருந்தேன்" என்றார் பக்கத்தில் நின்ற நயீம் பாய். சிரிக்காதீர்கள், அவர் பசி அவருக்கு.

அரை மணி நேரம் கழித்துத் தலைவர் நிமிர்ந்தார். "யாரும் லீவு இல்ல. பொண்ணு இங்கயே இருக்கட்டும்."

பெருமக்களே, அழைக்குமுன் வந்து அடைத்து நிற்பது கடமை அல்ல, நெரிசல். அழைத்த நொடியில் வந்து நிற்பதே வேலை. வாசலை விட்டு விலகி நில்லுங்கள், வேலை தானாக உள்ளே வரும்.

ஃபீபி அந்த நாற்காலிக்கு இப்போது மெத்தை போட்டுவிட்டாள், பூப்போட்ட உறையோடு. அரை மணி நேரம் நின்றபடியே அட்டெண்டன்ஸ் எடுத்த தலைவரின் கால்களுக்கும், இவ்வளவு நேரம் உட்கார்ந்து கேட்ட உங்கள் காதுகளுக்கும் நன்றி கூறி இறங்குகிறேன். வணக்கம்.