மேலே வேறு பனி

ஒருவனுக்கு ஒன்பது ஜோடி பனிச்சறுக்குக் கட்டை எதற்கு என்று கேட்டீர்கள், அம்மா. நியாயமான கேள்விதான். என் கொட்டகைக்குள் எட்டிப் பார்க்கிற எல்லோரும் கேட்பார்கள். நானும் முப்பது வருடமாகச் சலிக்காமல் பதில் சொல்லி வருகிறேன்.

பனியில் பல விதம், அவ்வளவுதான் விஷயம். இயந்திரம் தடம் போட்ட பாதைக்கு ஒல்லிக் கட்டை. அதிலும் குளிருக்கு ஒன்று, ஈரத்துக்கு ஒன்று. காட்டுக்குள் புதுப்பனியில் புதையாமல் போக அகலக் கட்டை. மேட்டுநிலத்துக்கு, ஓரத்தில் எஃகு பதித்தது. பனி உருகிக் கல் தலைகாட்டும் நாளுக்கு, கீறினாலும் வருத்தப்பட வேண்டாத பழசு ஒன்று. வெப்பமானி சரியாகப் பூஜ்யத்தில் நிற்கும் நாளுக்கென்று தனியாக ஒரு ஜோடி. அது வருடத்தில் நான்கு நாள்தான் வெளியே வரும். அந்த நான்கு நாளும் நான் நல்ல மனநிலையில் இருப்பேன். ஆறு ஆயிற்று. மீதி மூன்றையும் எழுதிக்கொள்ள உங்களுக்கு நேரமிருந்தால் சொல்கிறேன்.

வேண்டாம் என்கிறீர்கள். சரி.

என் மனைவி இங்ருனுக்கு நான்கு ஜோடி. அவள் கேட்கவில்லை, நானாகத்தான் வாங்கிக் கொடுத்தேன். எந்தப் பனிக்கு எந்தக் கட்டை, பின்னால் வழுக்காமல் முன்னால் போக எந்தக் கட்டைக்கு அடியில் எந்த மெழுகு என்று இருபத்தாறு வருடம் சொல்லிக் கொடுத்தேன். பள்ளியில் தச்சு வேலை கற்றுத் தந்தவன் நான். சொல்லிக் கொடுப்பது பழகிப்போய்விட்டது.

யோஸ்டைனிடம் இருந்தது ஒரே ஒரு ஜோடி. கால்நடை மருத்துவர், மனைவியை இழந்தவர், எங்கள் மலைக்குடிலுக்குக் கீழே ஏரிக்கரையில் அவருடைய குடில். கையில் கிடைத்த மெழுகைத் தேய்த்துக்கொண்டு கிளம்பிவிடுவார். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இவர் எங்கள் சாப்பாட்டு மேசைக்கு மூன்றாவது ஈஸ்டராக வந்துகொண்டிருந்தார்.

வியாழன் மாலை ஆட்டுக்கறி வறுவல் பரிமாறியிருந்தேன். வரும்போது அவர் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

"வாத்தியாரே, உங்களுக்குக் கால் ரெண்டுதானே? இல்ல, கொட்டாயில மரவட்டை எதையாவது குடி வெச்சிருக்கீங்களா?"

இங்ருன் சிரித்தாள். முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"நல்லா கேளுங்க. நாலுல எதைப் போடறதுன்னு யோசிச்சே எனக்குப் பாதி நாள் போயிடுது."

"ஒண்ணு போதும் இங்ருன். பனி எப்படி வருதோ அப்படிப் போக வேண்டியதுதான். விழுந்தா எந்திரிச்சுக்கலாம்."

"அதை ஓட்வார் கிட்ட சொல்லுங்க. இவன் என்னையே தெர்மாமீட்டர் வெச்சுப் பார்த்துட்டுத்தான் கல்யாணம் கட்டியிருப்பான்."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"தப்பான கட்டையில போய் நடுவழியில மாட்டினா தெரியும்," என்றேன்.

"மாட்டினாத்தான் நீங்க இருக்கீங்களே, வாத்தியாரே," என்று தட்டை நீட்டினார். நான் இன்னொரு துண்டு கறி வைத்தேன்.

அவர்கள் இரண்டு பேருக்குள் ஏதாவது இருந்ததா என்று நேற்றிலிருந்து சுற்றிச் சுற்றிக் கேட்கிறீர்கள். எதுவும் இல்லை. அவருடைய நாய்க்குக் காலில் அடிபட்டபோது கட்டுப் போட உதவுகிறேன் என்று இவள் தினமும் ஏரிக்கரைக்குப் போனாள். நாய் குணமான பிறகும் போனாள், பழக்கம் விடாது அல்லவா. குளிருமே என்று அவருக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னினாள். எனக்கு ஏற்கெனவே ஸ்வெட்டர்கள் இருந்தன. எனக்கும் அவருக்கும் இருந்தது கட்டைகளின் எண்ணிக்கை பற்றிய கருத்து வேறுபாடு மட்டுமே. தயவுசெய்து அதையே எழுதுங்கள்.

மறுநாள் யோஸ்டைன் மேட்டுநிலத்தைக் கடந்து அந்தப் பக்கத்தில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போவதாக இருந்தார், தனியாக. பதினேழு கிலோமீட்டர். எங்கள் வாசலிலிருந்துதான் பாதை ஏறுகிறது என்பதால் கட்டையை எங்கள் சுவரில் சாய்த்துவிட்டுப் போனார். விருந்தாளியின் கட்டைக்கு வீட்டுக்காரன் மெழுகு பூசி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். விருந்தாளி அதைத் திருப்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால் அது வீட்டுக்காரனுக்கு அவமரியாதை.

வெள்ளிக்கிழமை காலை எங்கள் வாசலில் பனி உருகிக்கொண்டிருந்தது. பழைய, ஈரமான, கற்கண்டு போன்ற பனி. அதற்குச் சரியானது சிவப்புப் பசைமெழுகு. அதைத்தான் பூசினேன். யார் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. ஆனால் மேலே வேறு பனி. மரங்கள் முடிகிற இடத்துக்கு மேல், பூஜ்யத்துக்குக் கீழே ஒன்பது டிகிரியில், முழங்கால் ஆழத்துக்குப் புதிதாக விழுந்த மாவுப் பனி. பசைமெழுகோடு அதில் கால் வைத்தால் பனி ஒட்டும், ஒட்டினது உறையும், நூறு அடிக்குள் கட்டைக்கு அடியில் ரொட்டி பருமனுக்குக் கட்டி சேரும். தட்டினால் போகும், மறுபடி சேரும். கட்டையைக் கழற்றினால் கால் முழங்கால் வரை புதையும். இது நார்வேயில் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கே தெரியும். நானே எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு பூச்சு போதும். நான் மூன்று பூசினேன், ஒவ்வொன்றையும் தீயில் காட்டி, கட்டைவிரலால் அழுத்தி. சுரண்டினாலும் வராது. உங்கள் போலீஸ் ஆய்வகம் அதைக் கண்டுபிடித்தது. அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு.

அவருக்கு ஒரு பாடம் கற்பிக்கத்தான் அப்படிச் செய்தேன் என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். பகல் ஒரு மணிக்குமேல் மேட்டில் புயல்காற்று என்ற அறிவிப்பைப் படித்த பிறகுதான் தீயைப் பற்ற வைத்தேன். பாடம் கற்பிக்கிறவன் மாணவன் வீடு திரும்பவும் வழி வைப்பான். நான் வைக்கவில்லை. ஆகவே அவர் சாக வேண்டும் என்றே செய்தேன். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

பத்து மணிக்கு யோஸ்டைன் வந்து கட்டையை மாட்டினார். திருப்பிப் பார்க்கவில்லை. இங்ருன் முதுகுப் பையோடு வெளியே வந்தாள்.

"நானும் அந்தப் பக்கம் வரைக்கும் போறேன். நாளைக்கு பஸ்ஸைப் பிடிச்சு வந்துடுவேன்."

"நேத்து சொல்லலையே."

"இப்பத்தான் தோணுச்சு. உன்கிட்ட மட்டும்தான் எதையும் மொத நாளே சொல்லணும், ஓட்வார்."

தன் நான்கு ஜோடியில் எஃகு ஓரம் வைத்ததை எடுத்தாள். குளிர்ப்பனிக்கான நீல மெழுகு அதில் நான் முன்பே பூசியிருந்தது. என்னைக் கேட்காமல் சரியானதை எடுத்தாள். பெருமையாக இருந்தது.

ஒரு வார்த்தையில் நிறுத்தியிருக்கலாம் என்கிறீர்கள். நிறுத்தியிருந்தால் காரணம் சொல்ல வேண்டும். அதோடு, நான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். மேலே அவருடைய கட்டை நகராது, இவளுடையது நகரும். இவளுக்கு அறிவு உண்டு. திரும்பி வருவதில் வெட்கமில்லை என்று மலையேறும் விதியை இந்த நாட்டில் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். திரும்பி வந்துவிடுவாள் என்று காப்பிக்குத் தண்ணீர் வைத்தேன். இரண்டு கோப்பை எடுத்து வைத்தேன்.

ஒரு மணிக்குக் காற்று வந்தது. நான்கு மணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டிய தொலைபேசி வரவில்லை. மீட்புக் குழுவினர் எல்லோரும் தொண்டர்கள். புனித வெள்ளி, குடும்பத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு மேல்தான் கூப்பிட்டேன்.

புகைப்படத்தைக் காட்டினீர்கள். ஆறாவது கிலோமீட்டரில், பாறைக்குப் பின்னால் பனியைத் தோண்டி, உட்கார்ந்தபடியே உறைந்துபோயிருக்கிறார்கள். அவர் மேல் இவளுடைய மேல்சட்டை. இவள் கையில் ரொட்டிக் கத்தி, அதன் அலகில் சிவப்புப் பசை. சுரண்டிப் பார்த்திருக்கிறாள். மெழுகில் நான் தவறே செய்ய மாட்டேன் என்பது இவளுக்குத் தெரியும். ஆகவே எல்லாமே புரிந்திருக்கும். அது எனக்கு வலிக்கிறது, மறைக்க விரும்பவில்லை.

ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுதுங்கள், அம்மா. இவளுடைய கட்டைகள் பக்கத்தில் பனியில் குத்தி நின்றிருந்தன. அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொன்னேன், உங்கள் ஆளும் பார்த்தார். நீல மெழுகு அப்படியே இருந்தது, இன்னும் பத்துக் கிலோமீட்டர் தாங்கும். வீட்டுக்கு ஆறுதான், அதுவும் இறக்கம், காற்றும் முதுகுப் பக்கம். இவள் ஏன் எழுந்து வரவில்லை என்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை.