பொன்னூர் மலைக்குப் போய்ச் சேராத கார்

இல்லப்பா, அவரு வூட்ல இல்ல. பெரிய காஞ்சிபுரம் போயிருக்காரு, ஏதோ வாஷரு வாங்கியாறன்னு. சைக்கிள்லதான். காரு வெச்சிருக்கிறவங்க வேற எதுல போவாங்க? வர்றதுக்கு மத்தியானம் ஆவும். நீ நாளைக்கி வாயேன். மெட்ராஸ்லேர்ந்தா வர்ற? அடடா, அப்ப திரும்பிப் போன்னு சொன்னா நல்லா இருக்காது.

எங்க அண்ணன் சுமதிநாதன்தானே அனுப்பினாரு? கடுதாசி வந்துச்சி. யேசுதாஸுன்னு ஒரு மெக்கானிக்கு வருவாரு, சீமக் காருன்னா அவருக்கு தண்ணி பட்ட பாடு, ஞாயித்துக்கெழமைக்குள்ள மாப்ள காரை ஓட வெச்சிட்டுதான் நவுருவாருன்னு எழுதியிருந்தாரு. எங்க வூட்டுக்காரருகிட்ட இன்னும் காட்டல. மறந்துபூட்டன். அரிசிப் பானைக்குள்ள கெடக்குது.

ஆமா, ஞாயித்துக்கெழமைதான். இங்க முசரவாக்கத்துலேர்ந்து பொன்னூர் மலைக்கி போறாரு. வந்தவாசி தாண்டி இருக்குதே, அதேதான். வழியில ஒரு எடத்துல கூட நிக்காம போய்ச் சேரணும். அதான் அவரு போட்டுக்கினு இருக்கிற விரதம். நின்னுதுன்னா திரும்பிடணும், தள்ளிக்கினு போறதெல்லாம் செல்லாது. ரெண்டு வருசத்துல பதினோரு தரம் கெளம்பியாச்சி. பதினோரு தரமும் தூசி தாண்டல, மாமண்டூர் தாண்டல. ஒரு தரம் ஊர் எல்லையே தாண்டல. வர ஞாயிறு பன்னண்டாவது தரம்.

சரி வா, கொட்டாயில நிக்குது. பாத்தியா, வாயப் பொளந்துக்கினு நிக்கிற! எல்லாரும் அப்டிதான் நிப்பாங்க. கதவு நாலு, ஆனா பந்தயத்துக்கு ஓட்ற ஜாதின்னு சொல்வாரு. எஞ்சினுக்கு ரெண்டு கார்பரேட்டரு. ராணிப்பேட்டையில இருந்த தொரை ஒருத்தரு சீமைக்கி போவும்போது வித்துட்டுப் போனது. அறுவத்திமூணுல, நெல்லு மூட்ட ஏத்த லாரி பாக்கறன்னு போன மனுசன் இத ஓட்டிக்கினு வந்து எறங்கினாரு. அன்னிக்கி வந்த வேகத்துல அப்பறம் ஒரு நாளும் வந்ததில்ல.

இரு இரு! பானட்ட சடார்னு தொறக்காதப்பா. மூணு தரம் தட்டு. தட்டிட்டு கொஞ்சம் நில்லு. உள்ள பல்லி, எறும்பு எதுனா இருந்தா எறங்கிப் போறதுக்கு அவகாசம் குடுக்கணும். நாங்க ஜைனருங்க, எறும்புக்கும் தீங்கு பண்ணக் கூடாது. போன வருசம் அணிலு ஒண்ணு இதுக்குள்ள குட்டி போட்டுச்சி. குட்டிங்க கண்ணு தொறந்து, ஓடியாடி, தானா எறங்கிப் போற வரைக்கும் காரை எடுக்கலியே. ஒரு மாசம். ஒயர எலி கடிச்சாலும் எலிய ஒரு வார்த்த சொல்ல மாட்டாரு. புது ஒயரு மாட்டிட்டு, அதுக்கு பசி போலன்னு பக்கத்துல ஒரு கை வேர்க்கடலயும் வெச்சிட்டு வருவாரு. எலி ரெண்டையும் தின்னும்.

மோரு குடி மொதல்ல. அவசரம் இன்னா? இந்த வெயில்ல வந்திருக்கிற, கொஞ்ச நேரம் படுத்து எழுந்து பஸ்ஸு புடிச்சா கூட தப்பில்ல. நான் அண்ணனுக்கு எழுதிட்றன், பாத்தாரு, ஆவலன்னு.

வேணாமா. சரி, உன் இஷ்டம்.

ரிப்பேரு பூரா அவரேதான். வெளி ஆளு கை பட வுட மாட்டாரு. காரோட தொரை ஒரு புக்கு குடுத்தாரு, இங்கிலீஷு புக்கு. சாஸ்திரம் படிக்கிற பலகையில அத வெச்சி, குளிச்சிட்டு வந்துதான் தொறப்பாரு. அகராதி பாத்து பாத்து ஒரு பக்கம் படிக்க ஒரு வாரம். இப்ப பூரா மனப்பாடம். கேளு, எந்த ஆணி எந்தப் பக்கம் சுத்தணும்னு தூக்கத்துல கூட சொல்வாரு. கைதான் சொன்ன பேச்சு கேக்காது.

எண்ண ஒழுவுதா? ஒழுவும். ரெண்டு இரும்புக்கு நடுவுல எண்ண கசியாம வெக்கிறது, அது கேஸ்கட்டுன்னு சொல்வாரு. கெட்டி அட்டையில வெட்டணும்னு புக்குல போட்டிருக்குதாம். காஞ்சிபுரத்துல கெட்டி அட்டைக்கி பஞ்சமா? பிள்ளையார்பாளையத்துல கலியாணசுந்தரம்னு தறி வெச்சிருக்கிறவரு, அவருகிட்ட ஜக்கார்டு அட்டைய வாங்கியாந்து வெட்டி வெச்சாரு. சேலையில பூவு, கொடியெல்லாம் வுழறதுக்கு தறி மேல மாட்டுவாங்களே, அந்த அட்ட. பூரா ஓட்ட. ஓட்ட இருந்தாத்தானே டிசைனு வரும்? எண்ணயும் டிசைனாத்தான் ஒழுவுச்சி. கொட்டா தரையில மாங்கா பார்டரே வுழுந்துபூடுச்சி. நீ சிரிச்சா பரவால்ல. நான் சிரிச்சதுக்கு ரெண்டு நாள் பேசல.

சீட்டு தோலு சீட்டா இருந்துச்சி. வந்த அன்னிக்கே பிச்சிப் போட்டாரு, செத்த மாட்டு மேல குந்திக்கினு கோயிலுக்கு போறதான்னு. இப்ப அடியில தென்னநாரு, மேல கோணி. கிரீசுல மாட்டுக் கொழுப்பு கலக்கறாங்கன்னு எவனோ சொல்ட்டான், அதுவும் போச்சி. எல்லாத்துக்கும் வெளக்கெண்ணதான். காரு தெருவுல போனா புள்ள பெத்த வூட்டு வாசம் அடிக்கும்.

ரேடியேட்டருக்கு ஊத்தற தண்ணிய ரெண்டு மடிப்பு துணியில வடிகட்டணும். நாங்க குடிக்கிற தண்ணியும் அப்டிதான். அதோட முடிஞ்சிதா? அந்தத் துணியில கண்ணுக்குத் தெரியாத உயிருங்க ஒட்டிக்கினு இருக்கும்பா, எங்க மொண்டமோ அங்கியே அலசி வுடணும். ஒரு தரம் பாலாத்தாண்ட காரு கொதிச்சி நின்னுடுச்சி. ஊத்துல தண்ணி மொண்டாந்து வடிகட்டி ஊத்திட்டு, திருப்பி அந்த சுடு மணல்ல நடந்து போய் துணிய அலசிட்டு வந்தாரு. வர்றதுக்குள்ள ஊத்தின தண்ணி ஆவியா பூடுச்சி. மறுபடியும் மொண்டாரு. மறுபடியும் அலசப் போனாரு. நான் புளியமரத்தடியில குந்திக்கினு வேடிக்க பாத்துக்கினு இருந்தன்.

ரெண்டு கார்பரேட்டரும் ஒரே அளவு காத்து இழுக்கணும்ல? அதுக்கு நான்தான் மிஷினு. ரப்பர் டியூபு ஒரு முனைய அதோட வாயில, இன்னொரு முனைய என் காதுல. எது பெருசா சீறுது, எது சின்னதா சீறுதுன்னு கேப்பாரு. அடுப்புல சாதம் குழைஞ்சிக்கினு இருக்கும், நான் காதுல டியூபோட குந்தியிருப்பன். ஆனா ஒண்ணு, அப்டி குந்தி குந்திதான் எனக்கும் கொஞ்சம் பிடிபட்டுச்சி. பெட்ரோலு எங்கேர்ந்து வருது, எந்தக் கொழா வழியா போவுது, எங்க அடச்சா எல்லாம் நிக்கும்னு.

ஏம்பா, பின்னால எங்க போற? எஞ்சினு முன்னால இல்ல இருக்குது? டேங்குல ஒண்ணும் இல்லப்பா. அது நல்லாத்தான் இருக்குது. அந்தக் கொழாயக் கழட்டாத, பெட்ரோலு சிந்தும். சொன்னா கேளு.

கழட்டிட்டியா.

இன்னா அது? நூலா. குடு பாக்கலாம். ஆமா, பட்டுதான். பட்டு எப்டி டேங்குக்குள்ள வரும்னு என்னக் கேட்டா? காஞ்சிபுரத்துல காத்துலயே பட்டு பறக்கும்பா. சரி சரி, அப்டி பாக்காத. நீ விவரமான ஆளு, மூடி மறச்சி பிரயோசனம் இல்ல. நான்தான் போட்டன், இது போன தரம் போட்ட நூலு.

என் கல்யாணப் பொடவ அது. பூச்சிய வேக வெச்சி எடுக்கிற நூலுன்னு, கல்யாணம் ஆன நாலாம் வருசமே என்ன பட்டு கட்டக் கூடாதுன்னுட்டாரு. பொட்டி அடியில கெடந்துச்சி. கெளம்பறதுக்கு மொத நாளு முந்தானையிலேர்ந்து ரெண்டு இழ உருவி, பஞ்சு மாதிரி பிரிச்சி, பெட்ரோலு ஊத்தற வாயில போட்டுடுவன். பருத்தி நூலு வெச்சிப் பாத்தன், ஊறி அடியில படுத்துக்குது. பட்டுதான் சுத்திக்கினே போய் கொழா வாயில குந்தும். காரு கொஞ்ச தூரம் ஓடி நிக்கும். கொஞ்ச நேரம் வுட்டா வெலகிக்கும், ஓட்டிக்கினு வூட்டுக்கு வந்துடலாம். மறுநா நான் உபவாசம் இருப்பன். எதுக்குன்னு கேப்பாரு. நீங்க போய்ச் சேரணும்னு வேண்டிக்கினன்னு சொல்வன். ரெண்டு பாவத்துக்கு ஒரு உபவாசம்.

ஏனா? எங்க அண்ணன் ஒனக்கு சொல்லலியா? எப்டி சொல்வாரு.

எங்க பொண்ணு அஞ்சனா கல்யாணம் முடிஞ்ச கையோட, பொன்னூர் மலையில ஒரு முனிவரு தங்கியிருக்காருன்னு போனம். எங்க முனிவருங்க தெரியும்ல, கட்டத் துணி கெடையாது, மயிலெறகு ஒண்ணுதான் கையில. தல மயிரக் கூட கையாலதான் புடுங்கிப் போடுவாங்க. வண்டி ஏறவே கூடாது, காலம்பூரா நடதான். அவருகிட்ட போய், எனக்கும் தீட்ச குடுங்கன்னு நிக்கிறாரு இவரு. பெரியவரு ஒண்ணொண்ணா கேக்கறாரு. சக்கர, உப்பு வுட முடியுமா? வுட்டன். கட்டிலு மெத்த? வுட்டன். நெலம்? வுட்டன். சம்சாரம்? யோசிக்கவே இல்லப்பா. வுட்டன்னாரு. பக்கத்துல கை கூப்பிக்கினு நிக்கிறன் நானு. இருவத்தாறு வருசம். காருன்னு கேட்டாரு பாரு, மனுசன் வாயடச்சிப் போயி நின்னாரு.

அம்பது பேரு பாத்துக்கினு இருக்காங்க, மானம் போவுதுல்ல? அதான் சபையில சொல்ட்டாரு. இந்தக் காரு என்னிக்கி எங்கியும் நிக்காம என்ன மலைக்கி கொண்டாந்து சேக்குதோ, அன்னிக்கி அதையும் வுட்டுட்டு இங்கியே தங்கிட்றன்னு. காரை கோயிலுக்கு எழுதி வெச்சிடறது. நான் பஸ்ஸுல திரும்பறது. அதான் ஏற்பாடு. எங்க அண்ணனுக்கு பெரும தாங்கல, நம்ம வூட்டு மாப்ள முனிவரா ஆவப் போறாருன்னு. அதுக்கு காரு ஓடலன்னா மெக்கானிக்கு அனுப்பறாரு. நான் பஸ்ஸுலேர்ந்து எறங்கி இந்த வூட்டுக்குள்ள தனியா எப்டி நொழைவன்னு ஒருத்தரும் கேக்கல.

தப்புதான், தெரியும். மோட்சத்துக்கு போற மனுசன் வழியில நூல் கட்டறன். ஆனா என்னால முடியலப்பா. சொல்லிட்டன். அந்த நூல இருந்த எடத்துலயே வெச்சிட்டுப் போ, ஒனக்கு புண்ணியமா போவும்.

இன்னா? எடுத்தாலும் ஓடாதா? ஏன்? எங்க காட்டு. டேங்கு மூடியா? அதத்தானே நான் தொறந்து தொறந்து மூட்றன், அதுல இன்னா? உள்பக்கமா? இந்த ஊசி ஓட்டையா. டேங்கு மூச்சு வுட்ற ஓட்டையா இது? இத அடச்சா காத்து போவாம, கொஞ்ச தூரத்துல பெட்ரோலு வராம நின்னுடுமா. மூடியத் தொறந்து மூடினா மறுபடியும் ஓடுமா.

அடச்சிக்கினு இருக்கிறது சோப்பா? குடு இப்டி.

இல்லப்பா, இது நான் வெக்கல. சத்தியமா. ஓட்ட இருக்கிறதே எனக்கு இப்பதான் தெரியும். இது கதர் கடை சோப்பு. கொழுப்பு கலக்காததுன்னு அவரு ஒருத்தருக்குன்னு வாங்கறது, நாங்க யாரும் தொட மாட்டம். ஒழுவுதுன்னு வெச்சிருப்பாரோ? மூடியில ஒழுவறதுக்கு இன்னா இருக்குது, அதுவும் சரிதான். இன்னும் ஈரமா இருக்குதே. காலையிலதான் வெச்சிருக்கணும். ஞாயித்துக்கெழமைக்கு இப்பவே வெச்சிட்டாரா!

நின்ன ஒடனே எறங்கி மொத வேலையா மூடியத்தான் தொறப்பாரு. பெட்ரோலு இருக்குதான்னு பாத்தன்னு சொல்வாரு. பதினோரு தரமும் அதான். அப்பறம் வானத்த பாத்து ஒரு பெருமூச்சு. நம்ம வினை இன்னும் கழியல குணமாலா, வூட்டுக்கு போலாம்னு வண்டிய திருப்புவாரு. நானும் மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு, ஆமாங்க, கழியலன்னு சொல்வன்.

அழுவல. சரி, அழுவறன்தான், இன்னா இப்ப? சம்சாரத்த வுட்டன்னு அம்பது பேரு முன்னால சொன்ன மனுசம்பா அவரு.

தோ, வந்துட்டாரு. தெரு முனையில பேச்சு சத்தம் கேக்குது, அவருதான். ஜல்தியா கொழாய மாட்டு. அந்தப் பட்டு நூல இங்க குடு, அது இனிமே வேணாம். சோப்ப முழுசா தோண்டிட்டியா? பரவால்ல, கெணத்தாண்ட இருக்குது, ஒரு துண்டு கிள்ளிக்கினு ஓடியாறன். அவரு வெச்ச மாதிரியே வெச்சிடு.