முறை மாறி வந்த தண்ணீர்

தலைமை தாங்கும் ஐயா இராஜாங்கம் அவர்களே, ஒரத்தநாட்டுக் கடைத்தெரு கொள்ளாமல் கூடியிருக்கும் பெரியோர்களே, நடவு வயலிலிருந்து சேறு காயாமல் வந்திருக்கும் தாய்மார்களே, என்னைத் திட்டித் தீர்க்கவென்றே வந்து, இன்னும் திட்டாமல் பொறுத்திருக்கும் அன்பு நெஞ்சங்களே, உங்கள் அனைவருக்கும் விண்ணரசியின் பணிவான வணக்கம்.

காலத்தை வென்ற கொடுங்கோலன் கிளாட்சன் என் தம்பி. என்னோடு ஒரே தட்டில் சோறு தின்றவன். ஒன்பது நாளைக்கு முன் நோயில் இறந்தான். அழுதேன், மறைக்கவில்லை. அதோ பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார், "நாங்க யாருகிட்டங்க போயி அழுவறது?" என்று. நியாயமான கேள்வி. அதற்குத்தான் ஐயா இந்த மேடை.

அவனிடம் படை இருந்ததா? இல்லை. பீரங்கி இருந்ததா? இல்லை. காலத்துக்குள் போய்வர ஓர் எந்திரம் இருந்தது. வாளெடுத்து வந்தவன் ஊரைப் பிடித்தான். வேலெடுத்து வந்தவன் நாட்டைப் பிடித்தான். இவன் நேற்றைப் பிடித்தான். நேற்றைப் பிடித்தவனை இன்றைக்கு யார் எதிர்ப்பது? எதிர்த்தவர்கள் பிறந்த நாளையே போய் அழித்துவிட்டு வந்தான்.

இதோ, லத்தீஃபா அக்கா இருக்கிறார். தாலாட்டு வாயில் வருகிறது, யாருக்குப் பாடினோம் என்று தெரியவில்லை என ஆறு ஆண்டு தவித்தவர். தான் அழித்தவர்களின் பெயர்களைத் தம்பி சாகும்போது என்னிடம் சொன்னான். "அக்கா, ஒங்க மவன் பேரு அஸாருங்க" என்று, பெற்றவளுக்குப் பிள்ளையின் பெயரை நான் போய்ச் சொன்னேன். அவர் என்னை அடிக்கவில்லை. "நல்ல பேருதான் வச்சிருக்கேன்" என்றார். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

எங்கே தொடங்கினான்? அதையும் அவனே சாகும்போது சொன்னான். சம்பா கருகிய ஆண்டில், காய்ந்த பயிரைப் பார்த்து எங்கள் அப்பா பெரியநாயகசாமி வயலிலேயே விழுந்து இறந்தார். பதறாதீர்கள், அதோ உயிரோடுதான் உட்கார்ந்திருக்கிறார். தம்பி எந்திரம் செய்து அந்த ஆண்டுக்குப் போனான். வாய்க்காலின் கோடியில் இருந்த கடைமடைக்கு அன்றைக்கு முறை. அந்தத் தண்ணீரை எங்கள் மதகைத் தூக்கி எங்கள் வயலுக்குத் திருப்பினான். பயிர் பிழைத்தது, அப்பா பிழைத்தார். கடைமடையில் நூற்றெழுபது வீடுள்ள ஊர் காய்ந்து, கலைந்து, கருவேலங்காடாகிவிட்டது. அதுதான் அவனுடைய முதல் வெற்றி. அந்த ருசிதான் அவனைக் கொடியவனாக்கியது.

அதே ஆண்டுக்குப் போய் அந்த மதகை இறக்கி, அங்கேயே எந்திரத்தையும் உடைத்துவிட்டால் எல்லாம் பழையபடி திரும்பும். ஊர் வரும், அஸார் வருவான். எந்திரத்தின் சாவி என்னிடம் இருக்கிறது. பிறகு ஒன்பது நாளாக ஏன் சும்மா இருந்தாய் என்கிறீர்கள். அப்பா போய்விடுவாரே ஐயா, அதனால்தான் சும்மா இருந்தேன்.

இன்று காலை அவரிடமே சொன்னேன். நாற்பது ஆண்டு அந்த வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விட்டவர் அவர். தன் வயல் காயக் காயக் கடைமடைக்குத் திறந்தவர். கஞ்சியைக் கீழே வைத்தார்.

"அப்போ இத்தன வருசமா அடுத்தவன் தண்ணியிலயா உசுரோட இருந்தேன்?"

"ஆமாம்ப்பா."

"அப்பறம் என்னத்தம்மா யோசிக்கிற? ஷட்டர எறக்கு."

இறக்கப்போகிறேன். கூட்டம் முடிந்ததும் இறக்கப்போகிறேன். வேறு யார் கையிலும் சாவியைத் தர மாட்டேன், பெற்ற மகள் நானே இறக்குவேன். நாளைக்கு இந்த மேடை யாருக்கும் நினைவிருக்காது, எனக்கும் இருக்காது. ஆகவே பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றியை இன்றே சொல்லிக்கொள்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அன்றைக்கு அவர் வயலில் தனியாக விழுந்தார். வழியனுப்ப ஒருவரும் இல்லை. இன்றைக்கு ஊரே இருக்கிறீர்கள். எல்லோரும் எழுந்து நின்று அவருக்கு ஒரு வணக்கம் வையுங்கள். லத்தீஃபா அக்கா, நீங்கள் முதலில் எழுந்துவிட்டீர்கள்.

போயிட்டு வாங்கப்பா.

வணக்கம்.