கோடையில் நிற்குமா இந்தத் தழைச்சத்து?

மண்ணின் மனமறிந்த மாண்பே! சோதனைக் குழாயையே சோதித்த சுடரே! எவர் சொல்லையும் எடைபோட்டு, எடைபோட்ட தராசையும் ஐயுற்று, அதன் பிறகே தலையசைத்த எங்கள் ஆய்வுக்கூடத் தலைவியே, வணக்கம்!

முப்பத்திரண்டு ஆண்டுகள் இந்த மண் ஆய்வுக்கூடத்தில் நீங்கள் எதையும் நம்பவில்லை. பைக்குள் வந்த மண்ணை நம்பவில்லை. பைமேல் ஒட்டிய சீட்டையும் நம்பவில்லை. எந்த முடிவைக் கொண்டுவந்து நீட்டினாலும் "மறுபடியும்" என்ற ஒற்றைச் சொல்லால் எங்களைத் திருப்பியனுப்பிய திண்மையே! முதுகுக்குப் பின்னால் உங்களை 'மறுபடியும் மேடம்' என்றே அழைத்தோம். அது உங்களுக்குத் தெரிந்தே இருக்கும் என்று இப்போது சந்தேகிக்கிறோம். இந்தப் பிரிவு உபசார விழாவில் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உங்கள் வீட்டுக்காரரிடம் ஒருமுறை ஆறுதல் தேடிப் போனோம். "காப்பிக்குச் சர்க்கரை போட்டாச்சுன்னு சொன்னா, கலக்குனீங்களாங்கிறா. கலக்கிட்டேன்னா, அடிவரைக்குமாங்கிறா. நீங்க பகல்ல மட்டும்தானே மாட்டுறீங்க?" என்றார்.

இவ்வாண்டு மக்காச்சோள வயலில் நடந்ததை இந்த அவை அறியட்டும். யூரியாவோடு கலந்து போடும் தடுப்பான் ஒன்றை ஒரு முகவர் கொண்டுவந்தார். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் அவசரத்தைத் தணிப்பது அதன் வேலை. நைட்ரேட் தண்ணீர் போகும் வழியே போய்விடும். அம்மோனியமோ களிமண்ணைப் பற்றிக்கொண்டு நிற்கும். ஆகவே நைட்ரஜன் என்னும் தழைச்சத்து வீணாகாது, இரண்டாம் முறை உரமே வேண்டாம் என்பது முகவரின் வாக்கு. எங்கள் வேதியியலர் நைட்ரேட்டை மட்டும் அளந்துவிட்டு, தடுப்பான் போட்ட பாத்தியில்தான் சத்து குறைவு, சரக்கு போலி என்று முழங்கினார். நாங்களும் கைதட்டினோம்.

"சத்து காணாமப் போச்சா, இல்ல நீங்க தேடலையா? மாறவிடாம நிறுத்துற மருந்தைப் போட்டுட்டு, மாறினதை மட்டும் அளந்தா எப்படிப்பா?" என்றீர்கள்.

அம்மோனியத்தையும் அளந்தோம். காணாமற்போன சத்து அங்கே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது!

முகவர் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா மேடம், நம்ம சரக்கு நிக்குதுல்ல? விவசாயிகளுக்குச் சிபாரிசு பண்ணி ஒரு கையெழுத்து போட்டுடுங்க."

"நிக்குது, குளிர்ல. வெயில்ல மண்ணு சுட்டா உங்க மருந்து எவ்வளவு நாள் தாங்கும்?"

"அதெல்லாம் தாங்கும் மேடம், என்னை நம்புங்க."

அந்தக் கடைசிச் சொல்லில்தான் அவர் சறுக்கினார். கோடைப் பயிரில் பார்த்த பிறகே கையெழுத்து என்றீர்கள். அன்றிலிருந்து அவர் அவசரப்படவே இல்லை. விலை படியாத வியாபாரி வாசலிலேயே சிரித்துக்கொண்டு நின்றால், கடைக்காரர் எப்போது எழுந்து போவார் என்று விசாரித்து வைத்திருக்கிறார் என்றே பொருள். நீங்கள் பணி ஓய்வு பெறும் நாள் அவருக்கு அத்துப்படி. இந்த வாழ்த்து மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் தன் அன்பளிப்பு என்றுகூடக் குழைந்தார். வேண்டாம் என்றுவிட்டோம், சட்டம் எங்களுடையது, ஆணி உட்பட. வெயிலில் தடுப்பான் சீக்கிரமே செயலிழந்து, இரண்டாம் உரத்தை நிறுத்திய விவசாயியின் பயிர் கதிர்பிடிக்கும் வேளையில் வெளிறினால், நம் கையெழுத்தா அதைப் பச்சையாக்கும்?

அன்பும் ஆராய்ச்சியும் ஒருங்கே அமைந்தவரே! நோயின்றி, நொடியின்றி, நிறைந்த ஆயுளோடு நீங்கள் நலம் காண வேண்டும். மருத்துவர் 'நன்றாக இருக்கிறீர்கள்' என்று சொல்லும்போது, எங்களுக்காக ஒருமுறையேனும் அதை அப்படியே நம்பிவிடுங்கள். வீட்டுக்காரர் கலக்கிய காப்பியையும் கேள்வி கேட்காமல் பருகுங்கள்.

பின்வரிசையில் பேனாவோடு காத்திருக்கும் முகவர் அவர்களே! மேடம் இன்று போகிறார், நாங்கள் போகவில்லை. கோடை விதைப்புக்கு இடம் உழுதாகிவிட்டது. அறுவடை வரை நைட்ரேட், அம்மோனியம் இரண்டையும் அளப்போம். பேனாவை மூடிவிட்டு, சிற்றுண்டி சாப்பிட்டுப் போங்கள்.

நம்பிக்கையோடு அல்ல, அளந்து பார்த்த அன்போடு,
மண் ஆய்வுக்கூடப் பணியாளர்கள்