வாத்தியார் வீட்டு இளைய மகளைத் தேடிக் கண்ட எங்கள் அக்காவுக்கு

பழுத்த தாளையும் பதமாய்ப் புரட்டும் பண்பாளரே! கரையான் தின்றது போக மீந்த எழுத்தையும் கண்ணருகே வைத்துப் படிக்கும் கருத்தாளரே! முப்பத்தோராண்டு இந்தப் பதிவறையின் தூசியையும் தும்மலையும் எங்களோடு பங்கிட்டுக்கொண்ட காப்பாளரே! முதுகுக்குப் பின்னால் ‘பூதக்கண்ணாடி’ என்று நாங்கள் வைத்த பெயர் தெரிந்தும் தெரியாததுபோல் இருந்த பெருந்தகையே! வணக்கம்.

தங்கள் கண்டிப்பைப் பாடத் தொடங்கினால் பொழுது சாய்ந்துவிடும். ஒரு புள்ளி தவறினாலும் கடிதம் திரும்பி வரும். அத்தகைய தாங்கள் செய்த ஒரே தவற்றைத்தான் இன்று பாராட்ட வந்திருக்கிறோம். கோபித்துக்கொள்ள வேண்டாம்; எங்கள்மேல் நடவடிக்கை எடுக்கும் அதிகாரமும் தங்களுக்கு இன்றைய பணி ஓய்வோடு முடிகிறது.

ஆறாண்டுகளுக்கு முன் ஒரு தையற்காரர் வந்தார். வெள்ளையர் ஆட்சியில் இவ்வூர்ப் பள்ளியில் வாத்தியாராக இருந்தவர் அவருடைய தாத்தா. காய்ச்சலில் வாத்தியாரும் மனைவியும் ஒரே வாரத்தில் போய்ச் சேர, ஆறு வயது மூத்த மகளைத் தாய்மாமன் வெளியூருக்கு அழைத்துப் போய்விட்டார். கைக்குழந்தையான இளையவள் என்ன ஆனாள் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த மூத்தவள்தான் தையற்காரரின் தாய்.

“கண்ணை மூடுறதுக்குள்ள தங்கச்சி என்ன ஆனான்னு தெரிஞ்சா போதும்னு அம்மா படுத்த படுக்கையா கேக்குறாங்க” என்றார்.

தந்தை பெயரை வைத்து எல்லாப் பதிவேட்டையும் அலசினீர்கள். அவள் பிறந்தது மட்டும் இருந்தது. ‘மேற்கொண்டு பதிவு இல்லை’ என்று முத்திரையிட்டுக் கொடுத்தீர்கள். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

மூன்று மாதம் கழித்து, பைண்டிங் பிரிந்த அம்மை குத்தும் பதிவேடு ஒன்றைத் தைக்க எடுத்தபோது தங்கள் கை நின்றது. அதில் குழந்தைகளைத் தந்தை பெயரால் எழுதாமல் கதவு எண்படி எழுதியிருந்தார்கள். வாத்தியார் இருந்த பள்ளிக் குடியிருப்பின் எண்ணுக்கு நேரே ஒரு பெண் குழந்தை. ஓரத்தில், ‘இப்போது மருத்துவச்சி வீட்டில் வளர்கிறது.’ மருத்துவச்சியின் கணவர் பெயரில் தேடியதும் இளையவளுடைய திருமணம் கிடைத்தது, பிறகு இறப்பும் கிடைத்தது, கடைசியில் பக்கத்து ஊரில் செவிலியராக இருந்த ஒரே மகள் கிடைத்தார்.

திருத்தக் கடிதம் ஒன்றைத் தபாலில் போட்டிருக்கலாம். தாங்களோ விடுப்பு எடுத்து, அந்தச் செவிலியரையும் கூட்டிக்கொண்டு தையற்காரர் வீட்டுக்கே போனீர்கள். “தப்பு என்னோடதுதாங்க. இன்னும் ஒரு புத்தகம் பாத்திருக்கணும்” என்று வாசலிலேயே சொன்னீர்கள். துணைக்கு வந்த நம் தட்டச்சர் இதைச் சொல்லும்போதெல்லாம் இன்றும் அழுகிறார்.

உள்ளே, பார்வை மங்கிய அந்தத் தாய் செவிலியரின் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாராம்.

“எங்கடி போன இத்தனை நாளா? சாப்பிட்டியா?” என்றாராம்.

இது தங்கையின் மகள் என்று சொல்லத் தையற்காரர் வாயெடுத்தபோது, எங்களிடம் ஒரு புள்ளியைக்கூட விடாத தாங்கள்தான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினீர்களாம்.

“சாப்பிட்டேன் அக்கா” என்றாராம் செவிலியர்.

தூசியில்லாக் காற்றும் இருமலில்லா உறக்கமும் கண்ணுக்கு ஓய்வும் பெற்று, நூறாண்டு கடந்தும் நலமாய் வாழுங்கள், அக்கா! தாங்கள் இல்லாத பதிவறைதான் எங்களுக்குத் தாங்காது.

கலங்கிய கண்ணோடு,
பதிவறைப் பணியாளர்கள்