நம்பர் போடாத மரங்கள்

— அறுபத்தொண்ணு.

— என்ன தம்பி அறுபத்தொண்ணு? வந்ததுலேருந்து ஒவ்வொரு மரமா தொட்டுத் தொட்டு எண்ணிக்கிட்டு இருக்கீங்க. ஆராய்ச்சி முடிஞ்சுபோச்சு, மரமெல்லாம் இனிமே உனக்குத்தான் ஆண்டாயின்னு போன வருசமே ஆபீஸ்ல சொல்லிட்டுப் போனாங்களே.

— ஆபீஸ் அனுப்பலக்கா. நானாத்தான் வந்தேன்.

— இந்தப் பாடாலூர் வெயில்ல, தலையில ஒரு துண்டுகூட இல்லாம. மோரு தரட்டா?

— வேணாங்க்கா. தொண்ணூத்தேழுல உங்க நெலத்துல எத்தனை கன்னு நட்டோம், ஞாபகம் இருக்கா?

— நானூறு. குழி தோண்டுனவளுக்குத் தெரியாதா? கெழக்கால பத்தடிக்கு ஒண்ணு, நடுவுல ஆறடிக்கு ஒண்ணு, இங்க மூணடிக்கு ஒண்ணு. எந்த எடவெளியில தீக்குச்சி மரம் பருமனா வருதுன்னு பாக்கணும்னாரு பெரிய சாரு. ரேசன் கடை வரிசையாட்டம் நட்டிருக்காங்களேன்னு எங்க வூட்டுக்காரரு சிரிச்சாரு.

— நானூறுல அறுபத்தொண்ணுதான் நிக்குது.

— ஆமா.

— மிச்சம்?

— ஆடு தின்னுச்சு.

— முந்நூத்தி முப்பத்தொம்பதையா?

— ஒரே நாள்லயா தின்னுச்சு? எட்டு ஆடு தம்பி. சித்திரை வைகாசியில இங்க பச்சை ஏது? தழை ஒடிக்கலாமான்னு உங்களைத்தான் கேட்டேன். நம்பர் போட்ட மரத்துல மட்டும் கை வைக்காதீங்கன்னீங்க. நாப்பது மரத்துக்கு வெள்ளைப் பெயிண்டுல நம்பர். அதுல ஒரு எலை கிள்ளினதில்ல. நம்பர் போட்டது கவருமெண்டு மரம், போடாதது நம்ம மரம்னு நெனச்சுக்கிட்டேன். கன்னா இருக்கையிலயே நெறைய வேரோட புடுங்கிட்டேன். ரோட்டோர வரிசையை மட்டும் விட்டு வச்சேன். ஜீப்புல போற பெரிய சாருக்கு வெறுமையாத் தெரியக்கூடாதுல்ல. தப்பா தம்பி?

— வருசா வருசம் நான் டேப்பு வச்சு அளந்தது அந்த நாப்பதைத்தான். நெருக்கி நட்டாலும் பருமன் கொறையலைன்னு எழுதிக் குடுத்தேன். அதை ஆபீஸ்ல நோட்டீஸா அடிச்சாங்க.

— ஆமாமா, பால் சொசைட்டி செவுத்துலகூட ஒட்டியிருந்துச்சு. அதுக்கென்ன?

— எங்கப்பா அதைப் படிச்சாரு.

— படிக்கட்டுமே.

— கடலை போட்டுக்கிட்டிருந்த நெலம், ரெட்டிபாளையத்துக்குப் பக்கத்துல, மூணு ஏக்கரு. மூணடிக்கு ஒண்ணுன்னு கயிறு புடிச்சு நட்டாரு. எம் பையன் அறிவழகன் சொன்ன அளவுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு. அஞ்சு வருசம் ஆச்சு. எல்லாம் வெளிச்சத்தைத் தேடி மேலேயே ஓடிருச்சு, பருக்கவே இல்ல. போன வாரம் தீக்குச்சிக் கம்பெனிக்கு மரம் வாங்குறவரு வந்து பாத்தாரு. ஒண்ணுகூட ஆவாது, வெறகுக்குப் போடுங்கன்னுட்டாரு.

— என்ன தம்பி சொல்றீங்க.

— சுண்ணாம்புக்கல் எடுக்கறவங்க ரொம்ப நாளா நெலத்தைக் கேட்டுக்கிட்டிருந்தாங்க. திங்கக்கிழமை எழுதிக் குடுக்கறாரு.

— மூணு ஏக்கரையுமா?

— ம். தண்ணி பத்தாம விட்டுட்டேன், புள்ளை சரியாத்தான் சொன்னான், நான்தான் கெடுத்துட்டேன்னு அம்மாகிட்ட சொல்லிக்கிட்டே இருக்காரு. ரெண்டு நாளா சோறு எறங்கல அவருக்கு.

— கேக்கவே முடியல தம்பி. உங்களுக்கு ஒண்ணும் பண்ணலையா? யாரோ வூட்டுக் கதை மாதிரி சொல்றீங்க.

— தெரியலைக்கா. எண்ணணும்னு தோணுச்சு, வந்தேன்.

— நான் வரேன் உங்ககூட. இப்பவே வரேன். அவரு கால்ல வுழுந்து சொல்றேன். உங்க மேலயும் தப்பு இல்ல, உங்க புள்ளை மேலயும் தப்பு இல்ல, ஆட்டுக்குத் தழை வேணும்னு இந்தக் கழுதைதான் புடுங்கிட்டாள்னு சொல்றேன். திங்கக்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்குல்ல? அங்கயும் பாதிய வெட்டி எடவெளி வுட்டா மிச்சம் பருத்துராதா? இங்க பருத்துச்சே.

— பருக்கும்.

— அப்பறம் என்ன? இருங்க, புடவை மாத்திட்டு வந்துடறேன்.

— நீங்க வர வேணாம்க்கா. உங்க மேல பழி போட நான் வரல.

— வேற யாரு மேல போடறது?

— மூணாவது வருசம் அளக்க வந்தப்பவே பாத்தேன். உள்ள வெறுமையாக் கெடந்துச்சு. எத்தனை நிக்குதுன்னு எண்ணி எழுதணும்னுதான் நோட்டை எடுத்தேன். நாலரை பஸ்ஸு வந்துருச்சுக்கா, ஓடிப் போயி ஏறிட்டேன்.